அறுத்து ஒட்டிய சீட்டா

இந்த வாரம் என் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டது ஒரு தெலுங்குச் சேனல். திருமலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்கலாமா, கூடாதா என்று நான்கு பேர் மோதிக்கொண்டிருந்தார்கள். பழைய வழக்குதான். கருவறைக் கோபுரமான ஆனந்த நிலையத்துக்கு மேலே எதுவும் பறப்பது ஆகமத்துக்கு ஒவ்வாது என்று தேவஸ்தானம் பல காலமாகச் சொல்லிவருகிறது. 2025 மார்ச்சில் தேவஸ்தானத் தலைவர் மத்திய விமானத் துறை அமைச்சருக்குக் கடிதமும் எழுதினார். அந்தச் சண்டையில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. ஆனால் என்னைக் கொதிக்க வைத்தது பின்னாலிருந்த படம்.

'ராணுவ ஹெலிகாப்டர்' என்று எழுதி, அமெரிக்க ப்ளாக் ஹாக்கைப் போட்டிருந்தார்கள். அது நம் தரைப்படையிலும் இல்லை, வான்படையிலும் இல்லை. சரி போகட்டும் என்று பார்த்தால், அடுத்து ஒரு மி-17. நம்முடையதுதான். ஆனால் அதன் மூக்கு, செய்தி வாசிக்கும் அம்மாவின் பக்கம் பார்க்கட்டும் என்று படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிவிட்டார்கள். வால் சுழலி வலப்பக்கம் போய்விட்டது! இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்: சுழலி வலப்பக்கம் இருந்தால் மி-8, இடப்பக்கம் இருந்தால் மி-17. இரண்டையும் தூரத்திலிருந்து பிரித்தறிய அதுதான் சுலபமான வழி. 2025 ஆகஸ்ட் 24 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலேயே வான்படையின் சின்னூக் ஒன்று, ககன்யான் கூண்டின் மாதிரியை 3 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போய்ப் பாராசூட் சோதனைக்காகக் கீழே விட்டது. அந்தப் படத்தையாவது போட்டிருக்கலாம்.

திருப்பதியில் ரயில் பெட்டி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் அன்று வீட்டுக்கு வந்திருந்தார். "வால் எந்தப் பக்கம் இருந்தா இன்னா சார், பறந்தா சரி" என்றார். அவருக்குக் காபி கொடுத்து மேசைப் பக்கம் கூட்டிப்போனேன். அங்கே நான் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸீ கிங் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்று இரண்டு துண்டாகக் கிடந்தது.

"புதுசா வாங்கி ஏன் சார் அறுக்கறீங்க?"

நியாயமான கேள்வி. நான் வாங்கியது 48-ல் ஒரு பங்கு அளவில் ஜப்பானின் ஹசேகாவா ஸீ கிங் பெட்டி. ஆனால் உள்ளே இருப்பது அமெரிக்க ஸீ கிங். நம் கடற்படை 1971 முதல் வாங்கியதோ இங்கிலாந்தின் வெஸ்ட்லேண்ட், சிகோர்ஸ்கியிடம் உரிமம் பெற்றுத் தன் விருப்பத்துக்கு மாற்றிக் கட்டியது. முதுகில் ரேடார் கூம்பு இருக்கும். பிந்தைய ரகங்களில் வால் சுழலிக்கு ஐந்துக்குப் பதில் ஆறு இறக்கை. இந்த வித்தியாசங்களை மட்டும் ரெசினில் வார்த்து ஒரு சின்ன டப்பாவில் விற்கிறார்கள். அதுதான் கன்வர்ஷன் செட். பெரிய கம்பெனிகள் இதில் பெரும்பாலும் கை வைப்பதில்லை. பிளாஸ்டிக் கிட்டுக்கு எஃகு அச்சு வெட்ட வேண்டும், செலவு எக்கச்சக்கம். உலகத்தில் சில நூறு பேர் வாங்கும் சாமானுக்கு அது கட்டாது. ரெசின்காரருக்கு ஒரு மூலப் பொம்மையும் ஒரு சிலிக்கோன் ரப்பர் அச்சும் போதும். சில டஜன் வார்ப்புகளிலேயே அச்சு கிழிந்துவிடும், அதற்குள் வாங்க வேண்டியவர்கள் வாங்கியிருப்பார்கள்.

வந்த ரெசினைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். இல்லையென்றால் அச்சில் தடவிய வழவழப்பு ஒட்டியிருந்து பெயின்ட் உரிந்துவரும். வார்த்த இடத்தில் தடித்த கட்டை ஒன்று கூடவே வரும், அதை ரம்பத்தால் அறுக்க வேண்டும். தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டு, ஈரம் வைத்துத் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் பசை ரெசினைப் பிடிக்காது, ஃபெவிக்விக் வகைதான் பிடிக்கும். இறக்கை வளைந்திருந்தால் வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாம். நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நிஜ ஹெலிகாப்டர் செய்யறவன் இப்படி அறுத்து ஒட்டமாட்டான் இல்ல?" என்றார்.

அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். திருமலையையும் சேனலையும் மறந்து அரை மணி நேரம் பேசினேன்.

அந்த மி-17 என்ன? மி-8-ன் உடம்பில், கடற்படைக்காகச் செய்த மி-14-ன் எஞ்சினையும் சுழலிகளையும் ஏற்றியது. அமெரிக்காவின் கோப்ரா? ஹ்யூயியின் எஞ்சினையும் சுழலியையும் எடுத்து ஒல்லி உடம்பில் மாட்டியது. நம் பிரசண்ட், துருவ் வீட்டுப் பிள்ளை. சித்தூர்க்காரர்கள் மறக்க முடியாத பெல் 430-ம் அப்படித்தான். 2009 செப்டம்பர் 2 அன்று அன்றைய முதல்வர் ராஜசேகர ரெட்டி சித்தூர் மாவட்டத்துக்கு வரக் கிளம்பி, நல்லமலைக் காட்டில் மறைந்தது அதில்தான். பெல் 230-ஐ அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீட்டி, நாலு இறக்கைச் சுழலி வைத்த ஹெலிகாப்டர் அது.

ஆனால் இந்த வகையில் ராஜா, சீட்டா. ஃபிரான்சில் அலூவெட் இரண்டு என்று ஒன்று இருந்தது: கண்ணாடிக் குமிழ் முகம், மின்கோபுரம் மாதிரி கம்பி வால். அலூவெட் மூன்று அதைவிடப் பெரிது, பலசாலி. அதைத்தான் நாம் சேத்தக் என்கிறோம். 1968-ல் இந்தியப் படைகள், மெல்லிய காற்றிலும் இமயமலை உச்சிகளில் இறங்கி ஏற ஒன்று வேண்டும் என்றன. ஃபிரெஞ்சுக்காரர்கள் புதிதாக எதையும் வரையவில்லை. இரண்டின் எலும்புக்கூட்டை முட்டுக் கொடுத்து உறுதியாக்கி, மூன்றின் ஆர்ட்டூஸ்ட் எஞ்சினையும் சுழலியையும் மேலே வைத்தார்கள். 870 குதிரைத்திறன் தரக்கூடிய எஞ்சினை 550-க்கு அடக்கி வைத்தார்கள். மேலே போகப் போகக் காற்று குறைந்தாலும் கையிருப்பு இருக்கும். பெயர் லாமா. 1969 மார்ச்சில் பறந்தது. அதே வருடம் இமயமலையில் 7,500 மீட்டரில் இறங்கிக் கிளம்பியும் காட்டியது. 1972 ஜூன் 21 அன்று ஜான் பூலே, வேண்டாததையெல்லாம் கழற்றிப்போட்ட ஒரு லாமாவில் 12,442 மீட்டர் ஏறினார். அங்கே எஞ்சின் அணைந்துவிட்டது. சுழலி காற்றில் தானாகச் சுற்ற, அப்படியே தரைவரை இறங்கினார். அந்த உயரச் சாதனை பல பத்தாண்டுகள் நின்றது.

பெங்களூர் எச்.ஏ.எல். அதை சீட்டா என்று கட்டியது. 1984-ல் சியாச்சினுக்குப் படை ஏறியபின், மண்ணெண்ணெய் டின்னிலிருந்து உறைபனியில் விரல் கறுத்த சிப்பாய் வரை தூக்கி இறக்கியது இந்த ஒட்டு ஹெலிகாப்டர்தான். ஒற்றை எஞ்சின், பழைய கருவிகள். விபத்துகள் நிறைய. பைலட்களின் மனைவிகளே அதை ஓய்வுபெறச் செய்யுங்கள் என்று குரல் எழுப்பினார்கள். அவர்கள் பக்கம்தான் நானும். பொம்மை செய்கிறவன் பிரியத்துக்காக யாரும் அதில் உட்கார வேண்டியதில்லை. ஆனால் எச்.ஏ.எல். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை: புது எஞ்சின் மாட்டிச் சீட்டல் என்றது, துப்பாக்கியும் ராக்கெட்டும் மாட்டி லான்சர் என்றது. ஒட்டியதன் மேலேயே ஒட்டு.

நண்பருக்கு ஆச்சரியமே இல்லை. "எங்க ரயில்வேல பழைய பாசஞ்சர் கோச்சு ஜன்னலை அடச்சி, கடைசில கதவு வெச்சி, கார் ஏத்தற வண்டியா மாத்தறாங்க. இதுக்குப் போய் இவ்ளோ பேச்சா?" என்றார். அடுத்த வாரம் தன் பழைய அரத்தைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். ஸீ கிங் காத்திருக்கட்டும், சீட்டாவைத் தொடங்கப்போகிறோம்.

ஒரே ஒரு தடை. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்களிலும் இந்தப் பத்தி போகிறது. சீட்டாவின் பின்சீட்டில் உட்கார்ந்தவர் யாராவது இருந்தால், சீட் உறை என்ன நிறம் என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்குக் கிடைக்கும் படங்களிலெல்லாம் அதன்மேல் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள்.