ஊசி மகாத்மியம்

நம் மக்களில் சாமியை விட்டவர்கள்கூட உண்டு. ஊசியை விட்டவர்கள் மிகக் குறைவு. சளிக் காய்ச்சல் என்று போகிறவருக்கு டாக்டர் நாலு மாத்திரை கொடுத்து அனுப்பினால், "ஒரு ஊசிகூடப் போடவில்லையே, இவரெல்லாம் ஒரு டாக்டரா?" என்று சொல்லிக்கொண்டு அடுத்த தெரு டாக்டரிடம் போகிறார். அர்ச்சகன் மணியடிக்காமல் திருநீறு கொடுத்தால் பக்தனுக்கு எப்படித் திருப்தி ஏற்படுவதில்லையோ, அப்படியே குத்து வாங்காமல் இவருக்குத் திருப்தி ஏற்படுவதில்லை.

வாய் வழியாகப் போகும் மருந்து வயிற்றோடு நின்றுவிடும், ஊசி மருந்துதான் இரத்தத்தில் சேரும் என்பது இவர்கள் எண்ணம். அப்படியானால் தின்கிற சோறு எங்கே போகிறது என்று கேட்கிறோம். காய்ச்சல் மாத்திரையும் சோற்றின் சத்தைப் போலவே குடல் வழியாக இரத்தத்தில் சேருகிறது. அரை மணி நேரம் முந்திப் பிந்தி இருக்கலாம், அவ்வளவுதான்.

"குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு" என்பதாக ஒரு புராணம் வேறு. 5 சதவிகிதக் குளுக்கோஸ் உள்ள அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. வாயால் குடிக்கக்கூடிய ஆள், ஒரு நாள் கூலியைக் கொடுத்து, கட்டிலில் படுத்துக்கொண்டு இதை ஏற்றிக்கொள்வதற்கும் கல்லுக்குப் பாலாபிஷேகம் செய்வதற்கும் என்ன வித்தியாசம்?

1971-ம் வருஷத்து யுத்தத்தில் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகள், மேற்கு வங்காளத்துப் போங்காவ் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தார்கள். இரத்தக் குழாயில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்பவர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு இவற்றை அளவாகப் பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்த இடத்தில் 4 பேருக்கும் குறைவாகவே செத்தார்கள். காலராவிலும் குடல் சர்க்கரையை உறிஞ்சுகிறது. அதோடு உப்பும், உப்போடு தண்ணீரும் உள்ளே போகின்றன. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. வீட்டில் பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போதும்.

ஊசியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நினைவிழந்தவன் வாயில் ஊற்றினால் மூச்சுக் குழாயில் போய்விடும். இன்சுலினை விழுங்கினால் வயிறு அதைச் சீரணித்துவிடும். காலராவில் நாடி விழுந்தவனுக்கு இரத்தக் குழாயில்தான் ஏற்றியாக வேண்டும். இவற்றிற்கெல்லாம் காரணம் இருக்கிறது. சளிக் காய்ச்சல் ஊசிக்கு என்ன காரணம்?

காரணமில்லாத ஊசி வெறும் காசு நஷ்டம் மாத்திரமல்ல. சுத்தமற்ற ஊசிகளால் 2000-ம் வருஷத்தில் மட்டும் உலகில் 2 கோடியே 10 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை 'பி' கிருமி தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மாத்திரையை விழுங்குவதில் அந்தப் பயமில்லை.

"ஜனங்கள் கேட்கிறார்கள், போடுகிறோம்" என்று சில டாக்டர்கள் சமாதானம் சொல்லுகிறார்கள். புரோகிதனும் இதையேதான் சொல்லுகிறான். தோழர்களே! அடுத்த தடவை ஊசியை எடுக்கும்போது, "இதையே மாத்திரையாகக் கொடுக்க முடியாதா?" என்று கேட்டுப் பாருங்கள். தக்க காரணம் சொன்னால் தாராளமாகக் கையை நீட்டுங்கள்.