ஈரும் பேனும்

“ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குதல்” என்பது நம்மவர் நாவில் அடிக்கடி வழங்கும் பழமொழி. அற்ப விடயத்தை ஊதிப் பெருப்பிப்போரைக் குறித்து எழுந்தது அது. ஆயினும் மெய்யாகவே ஒரு பிள்ளையின் தலையிற் பேன் கண்டுவிட்டால், நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் நடப்பதும் அதுவேயன்றோ?

நாம் முன்னர் கற்பித்த ஒரு பாடசாலையில், தலையிற் பேன் உண்டென்று பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடைசி வாங்கில் தனியே இருத்தினர். மூன்றாம் நாள் அவள் வரவில்லை. அடுத்த கிழமை வந்தபோது, இடைவரை தொங்கிய பின்னல் இல்லை. ஒட்ட வெட்டிய தலையைக் குனிந்தபடியே இருந்தாள். அவ்வகுப்பில் வேறெத்தனை தலைகளிற் பேன் இருந்ததென ஒருவரும் பார்த்திலர். நாமும் அன்று வாய் திறவாதிருந்தோம். அக்குறை இன்றும் நெஞ்சை உறுத்துவதாலேயே இதனை எழுதுகின்றோம்.

பேன் அழுக்கிற் பிறப்பதன்று. நாள்தோறும் முழுகும் தலையிலும் வாழும். அதற்குச் சிறகில்லை, தத்தவும் அறியாது. தலையோடு தலை சேரும்போது மயிரைப் பற்றி ஊர்ந்து செல்வதே அதன் பிரதான வழி. ஒரே பாயிற் படுக்கும் சகோதரிகளிடையும், ஒரே புத்தகத்தின்மேற் குனியும் தோழியரிடையும் அது பரவுதல் இயல்பே. டைபஸ் என்னும் கொடுங்காய்ச்சலைப் பரப்புவது உடையில் வாழும் உடற்பேன் என 1909ஆம் ஆண்டில் சார்ள்ஸ் நிக்கோல் கண்டறிந்தார். தலைப்பேனால் வருவது அரிப்பும், சொறிவதனால் உண்டாகும் புண்ணுமே.

இத்தொல்லை பழமையானது. இஸ்ரேலின் லாகிஷ் என்னுமிடத்தில் 2016இல் அகழ்ந்தெடுத்த சிறு தந்தச் சீப்பொன்றில், தலைமயிரிலும் தாடியிலுமுள்ள பேனை அது ஒழிக்க வேண்டுமென்ற விருப்பம் பொறிக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முந்தியதெனக் கருதப்படும் அச்சீப்பின் எழுத்துக்கள் 2022இல் வெளியிடப்பட்டன.

இன்றும் கைகண்ட கருவி சீப்பே. பேன் தன் ஈரை மயிரின் அடியிற் பசைபோல் ஒட்டிவிடும். அது பொரிக்க 7 முதல் 10 நாள் செல்லும். குஞ்சு வளர்ந்து ஈரிட மேலும் பத்து நாளளவாகும். ஆகவே ஒருநாள் வாரிவிட்டு ஓய்ந்தால், எஞ்சிய ஈர்கள் பொரித்துவிடும்.

தலையைக் கழுவி, ஈரம் உலருமுன் கண்டிஷனர் பூசிச் சிக்கெடுங்கள். பின்னர் பேன்சீப்பினால் அடியிலிருந்து நுனிவரை பகுதி பகுதியாக வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். இவ்வாறு 1, 5, 9, 13ஆம் நாட்களிற் செய்து, 17ஆம் நாள் மறுபடி சோதியுங்கள். வீட்டிலுள்ளோர் எல்லோர் தலையையும் முதல்நாளே பார்ப்பது அவசியம். அடிமயிரிலிருந்து விலகி நிற்கும் ஈர் பெரும்பாலும் வெறுங்கோதே. அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மருந்து வேண்டுவோர் டாக்டரின் யோசனைப்படி 1 வீதப் பெர்மெத்ரின் திரவத்தைப் பூசிப் பத்து நிமிடத்திற் கழுவி, ஒன்பதாம் நாளளவில் மீண்டும் பூசலாம். சிலவிடங்களிற் பேன் அதற்குப் பழகிவிட்டமையால் சீப்பைக் கைவிடலாகாது. மண்ணெண்ணெயையும் தோட்டத்துப் பூச்சிமருந்தையும் தலையில் ஒருபோதும் பூசாதீர். முன்னது தீப்பற்றும், பின்னது தோலினூடே உடலிற் சேர்ந்து உயிருக்கே உலை வைக்கலாம். தலையினின்று வீழ்ந்த பேன் இரண்டு நாளளவில் மடியுமாதலால், தலையணையை எரிக்கவும் தேவையில்லை. வெந்நீரில் உறையைத் துவைத்தாற் போதும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு தலையிற் பேன் கண்டால், பெயர் குறியாது அவ்வகுப்புப் பெற்றோர் அனைவருக்கும் அறிவியுங்கள். பிள்ளையை அவள் இருந்த இடத்திலேயே இருக்க விடுங்கள். பேன் இரண்டொரு கிழமையில் ஒழியும். கடைசி வாங்கின் நினைவு அத்தனை எளிதில் ஒழியாது.