பழைய வன்தட்டு வாங்கலாமா?

கணினி திருத்தும் கடைகளிலே பழைய வன்தட்டுகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கலாமா என்று மாணவர் பலர் வினவுகின்றனர்.

1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுப் பொறி, 2 அடி விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டது. அத்தனையிலும் அடங்கியவை ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துகளே. இன்று கடைக்காரர் கழித்துவிடும் சிறு பெட்டியோ அதனினும் பல்லாயிரம் மடங்கு கொள்ளும். ஆகவே, கொள்ளளவு போதாதென்று பழையதை இகழ வேண்டியதில்லை. அதன் வயதுக்கே அஞ்சுதல் வேண்டும். உள்ளே தட்டானது நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல, அதன்மேல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் வாசிக்கும் முனை மிதக்கின்றது. சுழல்வது தேயும், தேய்ந்தது ஒருநாள் சொல்லாமலே நின்றுவிடும்.

மாடு வாங்குவோன் பல்லைப் பார்த்து வயதறிவான். வன்தட்டுக்கும் அத்தகைய பல் உண்டு. தான் ஓடிய மணிகளையும் தன்னிடத்துப் பழுதுற்ற பகுதிகளையும் அதுவே குறித்து வைக்கின்றது. 'ஸ்மார்ட்' எனப்படும் அக்குறிப்பை இலவச மென்பொருளொன்றினாற் கடையிலேயே படிக்கலாம். ஓராண்டு இடையறாது ஓடின் 8760 மணி; இதைக்கொண்டு வயதைக் கணக்கிடுக. பழுது காணப்படின் பேரம் பேசாது திரும்பிவிடுக. 40 ஊசித் தொடுப்புடைய மிகப் பழைய வகையாயின், இன்றைய கணினியிற் பொருத்துதற்கு வேறோர் இணைப்பானும் வாங்க நேரும். மலிவு அங்கே மறைந்துவிடும். வாங்கியபின், முன்னையோர் கோப்புகள் எஞ்சியிருப்பின் அவற்றைப் பாராது முற்றாக அழித்துவிடுதல் பண்பாகும்.

கழற்றிப் பூட்டிப் பழகுதற்கும், மென்பொருள் நிறுவிப் பயிலுதற்கும், ஏற்கெனவே காத்துவைத்தவற்றுக்கு மேலுமொரு பிரதி எடுத்தற்கும் இத்தட்டு நன்று. அருமையான ஒன்றை அதனிடத்து மட்டும் ஒப்படைத்தல் தகாது. தவில் மேதை தெட்சணாமூர்த்தியோ நாதஸ்வர வித்துவான் பத்மநாதனோ நம்மூர்க் கோயிலில் வாசித்த ஒலிநாடாவொன்று உங்கள் வீட்டுப் பெட்டியிற் கிடக்கலாம். அதனைப் பழைய தட்டொன்றில் ஏற்றிவிட்டு, நாடாவைக் குப்பையிலிடுவது பேதைமை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. வேறிடத்திற் பிரதியுள்ள நூல்களை மீண்டும் தேடிப்பெறலாம்; வேறு பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகள் போனவை போனவையே. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் பேணிவருகின்றது. அப்பணியை நாமும் நம் வீட்டளவிற் செய்யலாம்.

ஆதலின், மாணவர்களே, பழைய தட்டை ஆராய்ந்து வாங்கிப் பயிலுங்கள். குடும்பப் படங்களுக்கும் குரல்களுக்கும் மூன்று பிரதிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றை வெளியூரிலுள்ள உறவினர் வீட்டில் வைத்திடுங்கள்.