கையேந்தும் தமிழ்

ரமலான் மாத மாலைகளில் தாம்பரத்திலும் அதனை அடுத்த புறநகர்களிலும் நோன்புக் கஞ்சி பெறத் தூக்குவாளியுடன் பள்ளிவாசல் வாயிலில் நிற்போருள் பிற சமயத்தாரும் உளர். அவர்தம் செவியிலும் நம் செவியிலும் ஒருங்கே ஊறிய குரல் ஒன்று உண்டு. அஃது இசைமுரசு நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் குரல். 1925-இல் பிறந்து 2015 ஏப்ரல் 8-இல் மறைந்த அப்பெருமகனார், திராவிட இயக்க மேடைகளிலும் முழங்கியவர். 1961-இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் இணைந்து பாடியவர். எனினும், 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடலே கோயில் திருவிழா ஒலிபெருக்கி வரை சென்று சேர்ந்தது.

பழைய நினைவின் இனிமையே இதற்குக் காரணம் என்பர் சிலர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. அந்த ஒலிநாடாக் காலத்தைக் கண்டிராத நம் மாணவர்களும் அதனை முணுமுணுக்கின்றனரே! காரணம் சொல்லில் இருக்கிறது. கையேந்துதல் என்பது தமிழில் இழிவு சுட்டும் சொல். இரத்தலின் இழிவைப் புறநானூறு பேசுகிறது. வள்ளுவரோ 'இரவச்சம்' என ஓர் அதிகாரமே வகுத்தார். மனிதனிடம் ஏந்தினால் தாழ்வாகும் அதே கையை இறைவன்பால் திருப்பிவிடுகிறது இப்பாடல். உள்ளங்கை விரித்துத் துஆக் கேட்கும் முஸ்லிமின் நிலையும் அச்சொல்லில் அப்படியே அமைந்துவிடுகிறது. 'இறைவன்' என்ற பொதுச்சொல்லோ எவரையும் வெளியே நிறுத்துவதில்லை. மார்க்கக் கருத்து சிறிதும் குறையாமல் தமிழ் மரபினுள் நிற்பது எளிய செயலன்று.

நம் கவலை வேறு. இசைக்கருவி ஆகாது என்று கூறி, இப்பாடல்களையே வீட்டில் ஒலிக்கவிடாத இளைஞர் சிலரை இன்று காண்கிறோம். கருவி கூடுமா, கூடாதா என்பதை மார்க்க அறிஞர் ஆராயட்டும். அதில் நாம் தலையிடோம். ஆனால், கருவியோடு சேர்த்துச் சொல்லையும் ஒதுக்குவது என்ன நியாயம்? பாடாவிடினும் படிக்கலாமே! சீறாப்புராணத்தையும் குணங்குடியார் பாடல்களையும் வகுப்பில் விளக்கும் நாமும், இவ்வெளிய பாடல்களை இலக்கியமாகக் கருதாமல் இருந்துவிட்டோம். அந்தக் குறையில் தமிழாசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு.

பெரியோர்கள் தம் இல்லத்து அலமாரியில் பழைய பாட்டுப் புத்தகமோ ஒலிநாடாவோ இருப்பின், பூஞ்சை படியுமுன் தமிழ்த்துறைக்கு அளித்துதவ வேண்டுகிறோம். எழுத்துப் பெயர்க்கும் பணியை மாணவர்கள் மேற்கொள்வர்.