ரவுட்டர் எப்போது ரூல்ஸை மீறலாம்?

பௌர்ணமி இரவு. கிரிவலத்தில் ஏறக்குறைய பாதி தூரம் நடந்த ஒருவர், அடி அண்ணாமலை கோயில் அருகே நின்று சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு வீடியோ கால் போடுகிறார். அந்த அழைப்பு டவரிலிருந்து கிளம்பி, பல நிறுவனங்களின் நெட்வொர்க்குகளைத் தாண்ட வேண்டும். எந்த வழியாகப் போகலாம் என்று இந்த நெட்வொர்க்குகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழிதான் பி.ஜி.பி. அதன் விதிகளை ஐ.இ.டி.எஃப். என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு 'ஆர்.எஃப்.சி.' என்ற பெயரில் வெளியிடுகிறது. ரவுட்டர் மென்பொருள் எழுதுபவர்கள் அதை அப்படியே பின்பற்றுவதுதான் நல்லது. ஆளுக்கொரு திசையில் நடந்தால் கிரிவலப் பாதை என்னாகும்?

ஆனால் அதே பாதையில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தால் கூட்டம் தானாக ஒதுங்கும். மென்பொருளுக்கு அந்தப் புத்தி கிடையாது. யாராவது முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

2006-ல் வந்த ஆர்.எஃப்.சி. 4271 கறாரானது. பக்கத்து ரவுட்டர் அனுப்பும் தகவல் சிதைந்திருந்தால், இணைப்பையே துண்டித்துவிடு என்றது. ஒரு வழியில் பிழை. தண்டனை, அந்த இணைப்பில் தெரிந்துகொண்ட எல்லா வழிகளுக்கும்.

2010 ஆகஸ்ட் 27 அன்று இதன் விலை தெரிந்தது. ஐரோப்பாவின் ரைப் என்.சி.சி.யும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் ஒரு சோதனைக்காக, வழக்கத்துக்கு மாறான நீளமான ஒரு தகவலை அனுப்பின. விதிப்படி அதில் தப்பே இல்லை. சில சிஸ்கோ ரவுட்டர்கள் அதைச் சிதைத்து அடுத்தவருக்குக் கொடுத்தன. வாங்கியவை ரூல்ஸ்படி இணைப்பை அறுத்தன. மறுபடி இணைந்தால் மறுபடி அதே தகவல், மறுபடி துண்டிப்பு. சுமார் அரை மணி நேரம், உலக இணைய முகவரித் தொகுதிகளில் ஒரு சதவீதத்துக்கும் மேல் தடுமாறின. விதியை ஒழுங்காக மதித்த மென்பொருள்தான் இணைப்பை அறுத்தது என்பதுதான் இதில் கொடுமை.

சிதைந்த அந்த ஒரு வழியை மட்டும் கைவிட்டு, இணைப்பைக் காப்பாற்றினால் போதுமே? சிஸ்கோவும் ஜூனிபரும் அப்படிச் செய்ய ஆரம்பித்தன. விதி பிறகுதான் வந்தது: 2015 ஆகஸ்ட், ஆர்.எஃப்.சி. 7606. மீறல் நியாயமாவது இப்படித்தான். காரணத்தைச் சொல்லி, அணைக்கும் சுவிட்சையும் வைத்து, கடைசியில் விதியையே திருத்த வேண்டும். சத்தமில்லாமல் மீறினால் ஒரே நிறுவனத்தின் இரண்டு ரவுட்டர்கள் ஒரே முகவரிக்கு இரண்டு விதமாக வழி காட்டலாம். தகவல் அவற்றுக்கிடையே சுற்றிச் சுற்றியே செத்துப்போகும். கிரிவலமாவது 14 கிலோமீட்டரில் முடிந்துவிடும்!

வசதிக்காக மீறுவதும் உண்டு. யாரிடமிருந்து எதை ஏற்பது என்று தெளிவாக எழுதி வைக்காத வரை, வெளி நெட்வொர்க்கிடம் எதையும் ஏற்காதே, எதையும் சொல்லாதே என்கிறது 2017-ன் ஆர்.எஃப்.சி. 8212. எஃப்.ஆர்.ஆர். என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் வழக்கமான அமைப்பில் இதற்குக் கட்டுப்படுகிறது. 'டேட்டா சென்டர்' அமைப்பில் இதை அணைத்து வைத்திருக்கிறது. எல்லா ரவுட்டரும் ஒரே முதலாளியுடையது என்பதால் உள்ளே அது சரி. கையேட்டிலும் அது எழுதப்பட்டிருக்கிறது.

அதே அமைப்பை யாராவது காப்பி செய்து, நிறுவனத்தின் எல்லையில் இருக்கும் ரவுட்டரில் போட்டால்? 2021 ஏப்ரல் 16 அன்று வோடஃபோன் ஐடியாவின் ஒரு நெட்வொர்க், 30,000-க்கும் அதிகமான முகவரித் தொகுதிகளைத் தன்னுடையவை என்று தவறாக அறிவித்தது. கேட்ட சில நெட்வொர்க்குகள் அப்படியே நம்பின. உலகின் பல மூலைகளுக்குப் போக வேண்டிய போக்குவரத்து இந்தியா பக்கம் திரும்பியது.