பறவை தலை தூக்கினால் நில்லுங்கள்

ருவாண்டாவில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்க வெளிநாட்டுப் பயணிக்குக் கட்டணம் 1,500 டாலர். அவ்வளவு கட்டினாலும் கொரில்லாக்களின் அருகில் இருக்க ஒரு மணி நேரம்தான் அனுமதி. ஒரு குழுவில் எட்டுப் பேர்தான். சளி, இருமல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் நோய் அவற்றுக்கும் தொற்றும். உலகிலேயே அவை ஆயிரத்துச் சொச்சம்தான் இருக்கின்றன.

நம்மில் எத்தனை பேர் ஆப்பிரிக்கா போகப் போகிறோம்? ஆனால் வில்லியனூர் பக்கத்திலேயே ஊசுட்டேரி இருக்கிறது. 2008-ல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி இது. குளிர்காலத்தில் ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கே வருகின்றன. செல்போனில் படம் பிடிக்க நெருங்கினாலோ கை தட்டினாலோ கூட்டமே எழும்பிப் பறக்கும். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. பறவைக்கோ, ஊர் திரும்பச் சேர்த்து வைக்கும் கொழுப்பு ஒவ்வொரு முறையும் வீணாகக் கரைகிறது.

அதனால் ஊசுட்டேரியானாலும் பாகூர் ஏரியானாலும் காலையிலேயே போங்கள். பளிச்சென்ற உடை வேண்டாம். மெதுவாகப் பேசுங்கள். ஒரு பைனாகுலர் இருந்தால் கரையிலிருந்தே எல்லாம் தெரியும்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று பிள்ளைகள் கேட்டால், பறவையே சொல்லும். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கிறதா? அதற்கு மேல் ஓரடிகூட வேண்டாம்.