ஆடிஷன் யாருக்கு? பிள்ளைக்கா, பெற்றவர்களுக்கா?

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பிள்ளை, ‘நான் காலேஜில் மியூசிகல் தியேட்டர் படிக்கப் போறேன்’ என்று சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? அது யார் வீடு என்பதைப் பொறுத்தது. டாக்டர் வீடு, வக்கீல் வீடு என்றால் அன்றைக்கே ஒரு பயிற்சியாளரைத் தேடிப் பிடிப்பார்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற தாயின் வீடு என்றால் அந்த அம்மா முதலில் கேட்கும் கேள்வி, ‘இதுக்கு எவ்வளவு ஆகும்?’ என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்கு நேரான பதில் எந்தக் கல்லூரியின் கையேட்டிலும் ஒரே இடத்தில் கிடைக்காது. துண்டு துண்டாகத்தான் வெளியே வரும்.

மியூசிகல் என்பது பாட்டும் ஆட்டமும் வசனமும் ஒரே ஆள் உடம்பில் சேர வேண்டிய நாடகம். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகள் அதற்குப் பேர்போனவை. நம் தெருக்கூத்துக்காரனுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை, விடிய விடிய மூன்றையும் செய்கிறவன் அவன். அங்கே அதற்கு நான்கு வருடப் பட்டம் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகம், சின்சினாட்டி, பிட்ஸ்பர்க்கில் இருக்கிற கார்னகி மெலன் ஆகியவை பெயர் வாங்கிய இடங்கள். ஒரு வருடத்துக்கு எடுப்பது பத்திருபது பேர். விண்ணப்பம் ஆயிரத்தைத் தாண்டும். அதனால் ஒரு பிள்ளை பதினைந்து, இருபது கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுவது அங்கே வழக்கமாகிவிட்டது.

முதல் கட்டம் வீடியோ. எதிரெதிர் குணமுள்ள இரண்டு பாட்டின் சிறு பகுதிகள், ஒன்றிரண்டு வசனம், ஒரு நடனத் துண்டு இவற்றை எடுத்து அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி நீளம் வேறு, நிபந்தனை வேறு. இப்போது பல கல்லூரிகள் கூடி ஒரு பொது முறையை வைத்திருக்கின்றன, அது ஒரு நல்ல காரியம். அந்த வீடியோவில் தேறினால் நேர்முகம். ஜனவரி, பிப்ரவரியில் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் ஊர்களில் பல கல்லூரிகள் ஒன்றாக முகாம் போட்டு ஆள் எடுக்கின்றன. ஊரே உறைந்து கிடக்கிற சிகாகோ குளிரில், ஓட்டல் வராந்தாவில், எண் ஒட்டிய சட்டையோடு பதினேழு வயசுப் பிள்ளைகள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள். பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலும் கோட்டும் பிடித்துக்கொண்டு பெற்றவர்கள். உள்ளே சில நிமிடம்தான். வெளியே வந்ததும் ‘எப்படிப் பண்ணினே?’ என்று கேட்கக்கூடாது என்று இந்தப் பெற்றவர்களுக்கு யோசனை சொல்வதற்கே காசு வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள்!

கணக்குப் போடுவோம். பொது விண்ணப்பக் கட்டணம் ஒன்று, கலைப் பிரிவின் ஆடிஷன் கட்டணம் தனியாக ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு கல்லூரிக்கு 100 டாலரை நெருங்குகிற இடங்கள் உண்டு. பதினைந்து கல்லூரிக்கு 1500 என்று வையுங்கள். அந்த நாட்டில் மத்திய அரசு வைத்திருக்கிற குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009இலிருந்து அந்தச் சட்டத்தில் மாற்றமில்லாமல் வந்த கூலி. அந்தக் கூலிக்கு வேலை செய்கிற தாய் 200 மணி நேரத்துக்கு மேல், அதாவது ஐந்து வாரத்துக்கும் மேலாக, ஒரு பைசா செலவு செய்யாமல் உழைத்தால்தான் கட்டணம் மட்டும் கட்ட முடியும். விமானம், ஓட்டல், பாட்டு வாத்தியார், வீடியோ எடுக்கச் சத்தமில்லாத ஓர் அறை எல்லாம் அதற்குப் பிறகு. ஏழைப் பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிற ஏற்பாடு உண்டு. ஆனால் அது கலைப் பிரிவின் கட்டணத்துக்கும் செல்லுமா என்று ஒவ்வொரு கல்லூரியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். ரெண்டு ஷிப்ட் வேலை பார்க்கிற அம்மா எப்போது போன் பண்ணிக் கேட்பாள்?

நடனத் துண்டு என்று சுளுவாகச் சொல்லிவிட்டேன். அதில் தேர்வாளர் பார்ப்பது பல வருடம் பாலே வகுப்புக்குப் போன உடம்பை. ஆறு வயசிலிருந்து மாலை நேரத்தில் காரில் கொண்டுபோய் இறக்கி, காத்திருந்து, திரும்பக் கூட்டிவர ஓர் ஆள் வீட்டில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பத்து வருடத்தைச் சில நிமிடத்தில் பார்த்துவிட்டு ‘டேலண்ட்’ என்று எழுதிக்கொள்கிறார்கள். 1990இல் மண்டல் எதிர்ப்பின்போது ‘தகுதி, திறமை’ என்று கூப்பாடு போட்டவர்களைப் பார்த்த நமக்கு இந்தக் குரல் பழக்கமானதுதான். பெற்றவன் பையிலிருந்து வந்ததைப் பிள்ளையின் ரத்தத்திலிருந்து வந்ததாகக் காட்டுகிற வித்தை எல்லா நாட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

கறுப்பினப் பிள்ளைக்கு இதற்கு மேல் இன்னொரு சுமை உண்டு. பாலே காலணி வெகுகாலம் வெள்ளைத் தோலின் நிறத்தில்தான் வந்தது. கறுப்பு ஆட்டக்காரர்கள் முகப்பூச்சை வாங்கிக் காலணிக்குப் பூசித் தங்கள் நிறத்துக்குக் கொண்டுவருவார்கள். லண்டனில் ஃப்ரீட் என்கிற கம்பெனி பழுப்பு நிற நுனிக்கால் காலணியைப் போட்டது 2018இல். இருபத்தொன்றாம் நூற்றாண்டு பிறந்து பதினெட்டு வருடம் கழித்து!

இந்தக் கதவுகளின் பழைய கதையைப் பார்த்தால் பெற்றவர்களின் பாடு இன்னும் தெளிவாகும். 1935இல் ‘போர்கி அண்ட் பெஸ்’ பிராட்வேக்கு வந்தபோது முதல் பெஸ்ஸாகப் பாடியவர் ஆன் பிரவுன். பால்டிமோர்க்காரர், அப்பா டாக்டர். அந்த ஊரிலேயே இருந்த பீபாடி இசைக் கல்லூரி, கறுப்பர் என்பதால் அவரைச் சேர்க்கவில்லை. நியூயார்க் ஜூலியார்ட் பதினாறு வயசில் எடுத்துக்கொண்டது. பீபாடி 1998இல் அவருக்குப் பதக்கம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, பாடுவதை நிறுத்தியும் வெகுகாலம் ஆகியிருந்தது. அப்பா டாக்டராக இருந்துமே இந்தக் கதி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் வர்க்கம்தான் என்று நமக்குப் பாடம் நடத்துகிற தோழர்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நினா சிமோன் கதை நமக்கு இன்னும் நெருக்கம். வட கரோலினாவின் ட்ரையான் என்ற சிற்றூரில் 1933இல் பிறந்த யூனிஸ் வேமன்தான் பின்னால் நினா சிமோன். அம்மா மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தவர், வெள்ளைக்கார வீட்டில் வேலை பார்த்தவர். சிறுமியாக அவர் கொடுத்த முதல் பியானோ கச்சேரியில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா அப்பாவை எழுப்பிப் பின்னால் அனுப்பினார்கள், வெள்ளைக்காரர் உட்கார இடம் வேண்டுமாம். அவர்களை மறுபடி முன்னால் உட்கார வைக்காதவரை வாசிக்க மாட்டேன் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. ஊர்க்காரர்கள் நிதி திரட்டி அதைப் படிக்க வைத்தார்கள். பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக் கல்லூரிக்குத் தேர்வு எழுதப் போகிறாள் என்று குடும்பமே வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. 1951இல் தேர்வு. எடுக்கவில்லை. கறுப்பி என்பதால்தான் தள்ளினார்கள் என்று கடைசிவரை நம்பினார் நினா. கல்லூரித் தரப்பில் அதை மறுத்தார்கள், அதற்கு முன்பே 1945இல் ஜார்ஜ் வாக்கர் என்ற கறுப்பர் அங்கே பட்டம் பெற்றதும் உண்மை. ஒருவரை எடுத்துவிட்டால் வாசல் திறந்துவிட்டது என்று கணக்கா? 1954இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கடையில் பியானோ வாசிக்கப் போனவர், அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று பேரை மாற்றிக்கொண்டார். உலகத்துக்குத் தெரிந்த பெயர் அப்படி வந்ததுதான். கர்டிஸ் 2003 ஏப்ரலில் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. இரண்டு நாளில் செத்துப்போனார்.

டெபி ஆலன் விஷயமும் உண்டு. ஹூஸ்டனில் பாலே பள்ளி கறுப்புப் பிள்ளை என்று ஒதுக்கியது. நிறவெறியிலிருந்து பிள்ளைகளைக் கொஞ்ச காலமாவது தள்ளி வைக்க, கவிஞரான அம்மா விவியன் ஏயர்ஸ் அவர்களைக் கூட்டிக்கொண்டு மெக்சிகோவுக்கே போய் இருந்தார். பிறகு வட கரோலினாக் கலைப் பள்ளி, பாலேவுக்கு ஏற்ற உடம்பில்லை என்று டெபியைத் திருப்பி அனுப்பியது. ஹாவர்டு பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. 1971இல் பட்டம், 1980இல் பிராட்வேயில் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் அனிதா. அன்று உடம்பு சரியில்லை என்றவர்களிடம் யார் போய்க் கேட்பது?

ஆக, இந்தத் தாய்தகப்பன்மார் பிள்ளையை ஆடிஷனுக்குக் கூட்டிப்போனதோடு நிற்கவில்லை. ஊர் மாறினார்கள், நாடு மாறினார்கள். பள்ளிக்கூடம் செய்ய வேண்டியதைத் தங்கள் முதுகில் சுமந்தார்கள். தனி ஆளாகச் சுமக்க முடியாதபோது ஊரும் சபையும் தோள் கொடுத்தன. அதற்கு மேல் ஒரு நிறுவனம் தேவைப்பட்டது. 1867இல் வாஷிங்டனில் தொடங்கிய ஹாவர்டு அப்படி ஒன்று. 1936இல் ‘போர்கி அண்ட் பெஸ்’ வாஷிங்டன் நேஷனல் தியேட்டருக்குப் போனபோது, கறுப்பரை உள்ளே விடாத அரங்கில் பாட மாட்டோம் என்று நின்றார்கள் ஆன் பிரவுனும் போர்கியாகப் பாடிய டாட் டங்கனும். அந்த டங்கன் ஹாவர்டில் பாட்டு வாத்தியார். மாடத்தில் மட்டும் இடம் தருகிறோம் என்று பேரம் பேசினார்கள், அவர் மசியவில்லை. கடைசியில் அரங்கம் பணிந்தது. பாட்டு வாத்தியார் என்றால் இப்படி இருக்கணும்.

அந்த ஹாவர்டும் தப்பவில்லை. 1990களில் அதன் நுண்கலைக் கல்லூரியைத் தனிக் கல்லூரியாக இல்லாமல் கலை அறிவியல் கல்லூரியோடு இணைத்தார்கள். எதிர்த்த மாணவர்களில் ஒருவர் பின்னால் ‘பிளாக் பேந்தர்’ படத்தில் நடித்த சாட்விக் போஸ்மன். கோடை வகுப்புக்கு ஆக்ஸ்போர்டு போக அவருக்குப் பணமில்லை. அவர் ஆசிரியை ஃபிலிசியா ரஷாட், டெபி ஆலனின் அக்காதான், நடிகர் டென்செல் வாஷிங்டனிடம் கேட்டுப் பணம் வாங்கிக் கொடுத்தார். நுண்கலைக் கல்லூரி மறுபடி தனியாக எழுந்து, 2021இல் அதற்கு போஸ்மன் பெயர் வைத்தார்கள். நல்லது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் டென்செல் வாஷிங்டன் கிடைப்பாரா?

கிடைக்காதவர்களுக்குக் கடன்தான். தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஓராண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. பெற்றோர் பெயரில் மத்திய அரசு கொடுக்கிற கடன் ஒன்று உண்டு. 2011இல் அதற்கான தகுதி விதியை இறுக்கியபோது அதிகம் அடிபட்டவை ஹாவர்டு மாதிரியான கறுப்பர் கல்லூரிகள், படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் ஏராளம். 2023இல் உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெற்றவனின் சொத்து எப்படி உள்ளே நுழைகிறது என்பதைப் பற்றி அந்தத் தீர்ப்புக்குக் கவலையில்லை.

‘சோத்துக்கில்லாதவனுக்குப் பாட்டும் ஆட்டமும் எதுக்கு, கம்ப்யூட்டர் படிக்கலாமே’ என்று சில தோழர்கள் கேட்பார்கள். நர்ஸ் வேலை, கம்ப்யூட்டர் எல்லாம் ஏழைக்கு, மேடை மட்டும் இருக்கப்பட்டவனுக்கு என்று எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறீர்களா? மேடையில் யார் நிற்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு சமூகம் யாரை மனுஷனாகப் பார்ப்பது என்று பழகுகிறது. பட்டம் வாங்கினாலும் பிராட்வேயில் வேலை நிச்சயமில்லை, பட்டமில்லாமல் அங்கே போனவர்களும் உண்டு என்பது சரிதான். அந்தத் துணிகரத்தில் இறங்கித் தோற்றுப்போகிற உரிமை பணக்காரப் பிள்ளைக்கு இருக்கிறதல்லவா, அதே உரிமையைத்தான் கேட்கிறோம்.

செய்ய வேண்டியது ஒன்றும் மர்மமில்லை. ஆள் எடுப்பது கல்லூரியின் வேலை, அதற்குப் பதினேழு வயசுப் பிள்ளையிடம் காசு வாங்குவதை நிறுத்தட்டும். 2020இல் கொரோனா வந்தபோது ஆடிஷனை வீட்டிலிருந்தே இணையவழியில் வைக்க முடிந்ததே, விமானக் காசில்லாத பிள்ளைக்கு அந்த வழியை மூடாமல் வைக்கட்டும். தேர்வாளர்கள் சிகாகோ ஓட்டலில் உட்கார்ந்திருப்பதற்குப் பதில் டெட்ராய்டிலும் பால்டிமோரிலும் இருக்கிற அரசுப் பள்ளிகளுக்கு ஒரு நாள் போய் உட்காரட்டும். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும் வேலைக்கு லீவு போடாமல் சாயங்காலம் வந்து முன்வரிசையில் உட்காருவார்கள்.